பதிமூன்று அ

முற்பகலுக்கு இருபத்தைந்து விடைத்தாள்.
பெயர் கிழித்து, எண் ஒட்டி,
சணல் கயிற்றில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.
கருப்பூரில் மே மாதம். மின்விசிறி
சூட்டை ஒரு மூலையிலிருந்து எடுத்து
இன்னொரு மூலையில் வைக்கிறது, அவ்வளவுதான்.
ஜன்னல் விளிம்பில் வெள்ளைக்கல் தூசி.
அதற்கு அப்பால் சேர்வராயன் மலை,
அழித்த இடத்தில் மறுபடி வரைந்த கோடுபோல.

இரண்டில் ஒன்றுக்கு விடையளிக்க வேண்டும்.
ஆ: ஒரு தண்டு. ஒரு முனை எண்பது பாகை, மறுமுனை இருபது.
அதைத் தொட்டவர்கள் நான்கே பேர்.
எனக்கென்னவோ அது ஏற்காட்டுச் சாலை.
முதல் வளைவில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்,
இருபதாவது வளைவில்
யாராவது பேருந்து ஜன்னலை இழுத்துச் சாத்துவார்கள்.
நடுவில், எந்த வளைவில் எவ்வளவு சூடு?

அ: இரு முனையும் கட்டிய கம்பி.
நடுவில் பிடித்து இழுத்து, விடு.
இருபத்தொரு பேர் விட்டிருக்கிறார்கள்.

முதல் வரி எல்லோருக்கும் ஒன்றே:
இடம் தனியாக, காலம் தனியாக,
ஒரு பெருக்கல் மட்டும் இடையில்.
சமக்குறிக்கு இந்தப் பக்கம் காலத்துக்கு இடம் தெரியாது,
அந்தப் பக்கம் இடத்துக்கு மணி தெரியாது.
இருந்தும் இரண்டும் சமமென்றால்
ஒரே மாறிலியைத்தான் சொல்லியாக வேண்டும்.
பதினெட்டு வருடமாக எழுதும் வரி.
அங்கே வந்ததும் இன்றைக்கும்
சாக்பீஸ் ஒரு நொடி நிற்கும்.

அப்புறம் மூன்று வகை.
மாறிலி நேர்: அடுக்கு ஏறிக்கொண்டே போகும், கம்பி போகாது, தள்ளு.
பூஜ்யம்: நேர்கோடு, தள்ளு.
எதிர்: அலை. வைத்துக்கொள்.
பிறகு சைன்மேல் சைனாகக் கூட்ட வேண்டும்.
வளைவுகள் மட்டுமே கையில்,
வேண்டியதோ ஒரு கூர்மூக்கு முக்கோணம்.
முடிவில்லாமல் கூட்டினால் வரும்.
அவர்களுக்கு மூன்று மணி நேரம் கொடுத்திருந்தோம்.

பதினேழாவது தாள்.
மொத்தம் நாற்பத்து நான்கு.
தேர்ச்சி ஒரு படிச் சார்பு:
நாற்பத்து நான்கு வரை பூஜ்யம், நாற்பத்தைந்தில் ஒன்று.
அந்தத் தாவலில் நின்று ஃபூரியர் தொடரைக் கேட்டால்
பாதி என்று சொல்லும்.
மதிப்பெண் பட்டியலில் பாதிக்குக் கட்டம் இல்லை.

"இன்னொரு தடவை கூட்டிப் பாரு" என்றாள்
பக்கத்து மேசை மெஹருன்னிசா.
கூட்டினேன். நாற்பத்து நான்குதான்.
பதிமூன்று அ-வுக்குத் திரும்பிப் போனேன்.
தொகையீட்டில் குறி மாறி, எல்லாம் கவிழ்ந்திருந்தது.
அதற்கு முந்தைய பக்கம், ஓரத்தில், பென்சிலில், தமிழில்:

"இந்த மாறிலி பூஜ்யம்னா எல்லாமே பூஜ்யம்.
கம்பி அசையவே இல்லைன்னு ஆயிடும்.
ஆனா நான் இழுத்துட்டேனே.
அதனால சைன்தான் பூஜ்யம்."

மற்ற இருபது பேரும் அந்த இடத்தில்
புத்தகத்துச் சொற்றொடரை அப்படியே ஒட்டியிருந்தார்கள்.

விடைக்குறிப்பில் இதற்கு மதிப்பெண் கிடையாது.
தேர்வாளருக்கு எழுதும் எந்தக் குறிப்பும்
முறைகேடு என்கிறது சுற்றறிக்கை.
எழுந்து போய்க் காட்டினேன்.
"உங்களுக்கா எழுதியிருக்கான்?" என்றார் குலசேகரன்.
"இல்ல சார், கம்பிக்கு."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவனா அவளா என்று இருவருக்குமே தெரியாது.
"சுருக்கொப்பம் போட்டுடுங்க. டீ வந்தாச்சு."

சிவப்பில் ஒன்று.
பழைய கூட்டலின் குறுக்கே ஒரு கோடு.
டீயில் ஆடை படிந்திருந்தது.

பதினெட்டாவது தாளில்
அளவுகோல் வைத்து ஒரு கம்பி, இரு முனையிலும் ஆணி.
கீழே ஒன்றும் எழுதவில்லை.
பக்கத்தைத் திருப்புகிறேன்.